யாரும் நடாத இடத்தில் பழமரம் எப்படி முளைக்கிறது?

நடாத மரத்தை நட்டதாகப் பழி சுமந்தவன் நான். ஆகவே இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மொட்டை மாடியிலோ மதிலோரத்திலோ ஒரு கன்று தலைகாட்டியிருக்கும், வீட்டார் உங்களைச் சந்தேகத்தோடு பார்த்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மதிலை ஒட்டி, கேபிள் கம்பிக்கு நேர் கீழே, ஒரு தேன்பழ மரம் தானாக வந்தது. எங்கள் காவலாளி கன்னடத்தில் ‘கசகசே ஹண்ணு’ என்பார். பொருத்தமான பெயர்தான், சுண்டைக்காய் அளவுள்ள அந்தச் சிவந்த பழத்தை நசுக்கினால், கசகசாவைவிடப் பொடியான விதைகள் ஆயிரக்கணக்கில் கூழோடு விரலில் ஒட்டிக்கொள்ளும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தின் பழத்தைப் பகலில் பூங்கொத்தியும் கொண்டைக்குருவியும் தின்ன, இரவில் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. வௌவால் பெரும்பாலும் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மறைவிடத்திற்குப் பறந்து, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். சாற்றோடு உள்ளே போன பொடி விதைகள் சிறிது நேரத்திலேயே எச்சமாக வெளிவந்து, வழியெல்லாம் விழும்.

எங்கள் வெள்ளைச் சுவரிலும் விழுந்தன. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர், அவரும் தமிழர்தான், “நீங்கதானே சார் ஊர்லேர்ந்து கொண்டுவந்து வச்சீங்க?” என்று கேட்டு, வர்ணம் பூச 3,000 ரூபாய் என் கணக்கில் எழுதிவிட்டார். நான் சுவரில் காய்ந்திருந்த எச்சத்தைச் சுரண்டி, தயிர் டப்பாவில் மண் நிரப்பித் தூவி, வெளிச்சம் படும் இடத்தில் வைத்தேன். சில வாரங்களில் கடுகு முளைத்ததுபோல் பச்சையாகக் கிளம்பியது. அடுத்த கூட்டத்தில் டப்பாவை மேசைமேல் வைத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பணம் மட்டும் திரும்பவில்லை, மரத்தையும் வெட்டிவிட்டார்கள். சுவர்க் கறைக்கு இருந்த அவசரம், மாதக்கணக்கில் பழுதாகி நிற்கும் லிஃப்டுக்கு இன்றுவரை வரவில்லை.

மரம் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்றால், தாய்மரத்தின் அடியிலேயே விழும் விதைக்குப் பிழைப்பு குறைவு. நிழல் ஒருபுறமிருக்க, அந்த இனத்தையே தேடித் தின்னும் பூச்சிகளும் நோய்களும் அங்கேதான் குவிந்திருக்கும் என்று 1970-இல் டேனியல் ஜான்சன், 1971-இல் ஜோசப் கானல் என்ற இரு சூழலியலாளர்கள் தனித்தனியே எழுதினார்கள். அதனால் பழத்தின் சதை, மரம் கொடுக்கும் வண்டிக்கூலி. விதை முற்றும்வரை காய் பச்சையாக, துவர்ப்பாக இருந்து, முற்றிய பிறகே நிறமும் இனிப்பும் ஏறுவது அந்தக் கூலியை முன்கூட்டியே கொடுத்து ஏமாறாமல் இருக்கத்தான்.

எந்த வண்டி என்பதை விதையின் அளவு பெரிதும் தீர்மானிக்கிறது. அரசு, ஆல், அத்தி ஆகியவற்றின் விதை மிகச் சிறியது என்பதால் குயிலும் குக்குறுவானும் விழுங்கிவிட்டு எச்சமிடும் சுவர் வெடிப்பில்கூட முளைக்கிறது. மாங்கொட்டையை வௌவால் விழுங்க முடியாது, தூக்கிச் சென்று கடித்துவிட்டுப் போடும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பலாக்கொட்டையை யானையே சுமக்கிறது.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன், கணக்கெழுதிப் பிழைப்பவன். காற்றில் பறக்கும் இலவம் விதையையும் கடலில் மிதக்கும் தேங்காயையும் விட்டுவிட்டாயே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். விலங்குகள் தின்று பரப்பும் சதைப்பழங்களைப் பற்றி மட்டுமே இங்கே எழுதியிருக்கிறேன்.

உங்கள் சுவரில் வந்திருப்பது அரசோ ஆலோ என்றால், நான்கு இலை விடுவதற்குள் வேரோடு எடுத்து மண்ணில் வையுங்கள். வேர் தடித்துவிட்டால் சுவரைப் பிளந்துவிடும். எடுக்கும்போது ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சங்கத்திலும் கேட்பார்கள்.