பெரிய நேக்கட் பைக்: கேள்வி பதில்

18 வருடமாகப் பெரிய பைக்குகளைப் பிரித்து மாட்டுவதுதான் என் வேலை. சொந்தமாக ஓட்டுவதும் நேக்கட், அதாவது ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறை) இல்லாத பைக்தான். 100 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள நேக்கட் பைக்குகளைப் பற்றி இன்று என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்கள் டயர் பிரஷரை வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை அளந்துவிடுங்கள். என்னிடம் "ஹேண்ட்லிங் சரியில்லை" என்று வரும் பைக்குகளில் நிறையவற்றுக்கு நான் முதலில் செய்யும் வைத்தியம் காற்று அடிப்பதுதான்.

கேள்வி: அண்ணா, 2 வருடமாக 150 சிசி ஓட்டுகிறேன். யமஹா எம்டி-10 மேல் ரொம்ப ஆசை. ரெயின் மோடில் வைத்துப் பழகிவிட்டு அப்புறம் மோடு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ரெயின் மோடு த்ராட்டிலை மென்மையாக்கும். 200 கிலோவுக்கு மேல் இருக்கும் எடையை அது குறைக்காது. முன்சக்கரத்து இரண்டு டிஸ்க்குகளின் கடியையும் குறைக்காது. பயந்துபோய் பிரேக்கை அள்ளிப் பிடிக்கும் கை உங்களிடம் இருந்தால், அந்தக் கையோடுதான் புது வண்டியிலும் ஏறுவீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். வளைவில் எங்கே பார்க்க வேண்டும், எப்போது வேகம் குறைக்க வேண்டும் என்பதை அது சொல்லித் தராது.

இன்னொன்று. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வலது மணிக்கட்டு தன்னால் கொஞ்சம் திரும்பிவிடும். எல்லோருக்கும் நடப்பதுதான். 150 சிசியில் அது ஒரு உறுமலோடு போய்விடும். 160 குதிரைத்திறன் வண்டியில் அதே திருகலுக்கு முன்னால் நிற்கும் கார் பக்கத்தில் வந்துவிடும். ஐரோப்பாவில் ஏ2 லைசென்ஸுக்கு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு என்று வைத்திருக்கிறார்கள். 24 வயதுக்குக் கீழே உள்ளவர் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் 2 வருடம் ஓட்டிய பிறகுதான் அதற்கு மேல் போக முடியும். 300 முதல் 400 சிசி வரை ஏதாவது ஒன்று எடுங்கள். ஆசை எங்கேயும் போய்விடாது.

கேள்வி: நேக்கட் பைக்கில் 110, 120 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் போனாலே கழுத்தும் தோளும் கழன்றுவிடுகின்றன. பழகிவிடுமா, இல்லை ஃபேரிங் வண்டிக்கே போய்விடலாமா?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 100 கி.மீ. வேகத்தில் நெஞ்சில் மோதும் காற்று, 140இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு தள்ளும். ஃபேரிங் வண்டியில் அதை பிளாஸ்டிக் வாங்கிக்கொள்கிறது. இங்கே நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவது. காற்று பின்னால் தள்ளத் தள்ள கை இறுகுகிறது, முழங்கை நீண்டுவிடுகிறது, தோள் காதுவரை ஏறிவிடுகிறது. வலி அங்கேதான் தொடங்குகிறது. முழங்காலால் டேங்கைக் கவ்வுங்கள். இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்குங்கள். முழங்கை மடங்கியே இருக்கட்டும். சரியாக உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நேரான, காலியான சாலையில் போகும்போது ஹேண்டில்பார் மேல் விரலால் தாளம் போட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் பாதுகாப்பும் இருக்கிறது. நேக்கட் பைக்கில் ஹேண்டில்பார் அகலம், நெம்புகோல் நீளம். வேகத்தில் முன்சக்கரம் லேசாகும்போது உங்கள் கை நடுக்கமெல்லாம் நேராக முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் போகும். வண்டி தலையாட்டத் தொடங்கியதும் இன்னும் இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். டேங்கைக் கவ்வி, கையைத் தளர்த்தி, த்ராட்டிலை மெதுவாகக் குறையுங்கள், பட்டென்று மூடாதீர்கள்.

சின்ன விண்ட்ஷீல்ட் போட்டால் நெஞ்சுக்கு வரும் காற்று குறையும், ஆனால் சில வண்டிகளில் அதே காற்று சுழன்று ஹெல்மெட்டில் மோதி இரைச்சலைக் கூட்டிவிடும். உங்கள் உயரத்தில் ஒருவரின் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காதில் இயர்ப்ளக் கட்டாயம். களைப்பில் பாதி காதுவழி வருவது. இவ்வளவும் செய்து, தினமும் 300 கி.மீ. நெடுஞ்சாலையில் போகிறவர் நீங்கள் என்றால் ஃபேரிங் வண்டிக்குப் போய்விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நான் ரொம்பக் கவனமாக ஓட்டுகிறவன். முதல் வண்டியாகவே கவாஸாகி இசட்900 எடுக்கலாமா?

பதில்: முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள். 125 குதிரைத்திறன் உங்கள் முதல் வண்டிக்கு அதிகம்.

கேள்வி: 180 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்கிறார்கள். சாலையில் அதை யார் பயன்படுத்துகிறார்கள்? டார்க், அதாவது முறுக்குவிசைதானே முக்கியம்?

பதில்: சாலையில் நீங்கள் வாழ்வது 3,000 முதல் 7,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வரைக்கும்தான். அங்கே இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு பெரிய வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜின்) 5,000 ஆர்பிஎம்மில் 110 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். கணக்குப் போட்டால் 58 கிலோவாட், கிட்டத்தட்ட 78 குதிரைத்திறன். அதே 5,000இல் ஒரு 600 சிசி நான்கு சிலிண்டர் 45 நியூட்டன் மீட்டர் தந்தால் 32 குதிரைத்திறன்தான் வரும். பிரசுரத்தில் இருக்கும் உச்சக் கணக்கை வைத்து இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

குறுக்கே ஒருவர்: இது பாதிக் கணக்கு. கியர் எதற்கு இருக்கிறது? அதே சாலை வேகத்தில் 600 காரன் இரண்டு கியர் குறைத்து 11,000க்குப் போவான். அங்கே 60 நியூட்டன் மீட்டர் இருந்தாலே 94 குதிரைத்திறன். உங்கள் வி-ட்வினின் 78 பின்னால் நிற்கும். சக்கரத்துக்கு வருவது டார்க்கும் கியர் விகிதமும் சேர்ந்த விசை, அதாவது அந்த நிமிடத்துச் சக்தி. டார்க் முக்கியம் என்பது பொய்.

பதில்: கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட நொடியில் வண்டி எவ்வளவு முடுக்கம் எடுக்கும் என்பதை அந்த நொடியின் சக்திதான் தீர்மானிக்கிறது. நான் சொல்வது அந்த நொடிக்கு முன்னால் நடப்பதை. லாரியை முந்த வேண்டும், எதிரே இடம் கிடைத்திருக்கிறது. 600இல் நீங்கள் முதலில் இரண்டு கியர் இறக்க வேண்டும். வி-ட்வினில் மணிக்கட்டைத் திருப்பினால் போதும். ஒருமுறை ஒரு மலைப்பாதையில் நானும் நண்பரும் நடுவழியில் வண்டி மாற்றிக்கொண்டோம். அவருடைய 600இல் நான் கியருக்காக வேலை செய்துகொண்டே இருந்தேன். இறங்கிப் பார்த்தபோது இடது பூட்ஸில் கியர் லீவர் படும் இடத்தில் தோல் புதிதாகத் தேய்ந்திருந்தது. அவர் என் வண்டியில் மூன்றாவது கியரிலேயே மலை முழுவதும் ஏறி வந்திருந்தார்.

இன்னொருவர்: மூன்றாவது கியரிலேயே வந்தால் அது ஓட்டுவதா? இன்ஜினைக் கத்தவிட்டு ஓட்டுவதில்தானே சந்தோஷம்!

பதில்: அது உங்கள் சந்தோஷம், அதை மறுக்க மாட்டேன். அதைத் தேடுகிறவருக்கு நான்கு சிலிண்டர்தான் சரி.

மூன்றாமவர்: ட்வினுக்கும் நாலு சிலிண்டருக்கும் நடுவில் மூன்று சிலிண்டரை ஏன் எல்லோரும் மறக்கிறீர்கள்? என் எம்டி-09 இரண்டு வேலையும் செய்கிறது.

பதில்: செய்கிறது. மூன்று சிலிண்டரில் இன்ஜின் தண்டு 240 டிகிரி சுழலும்போதெல்லாம் ஒருமுறை சமமாக வெடிக்கும், அதனால் கீழேயும் வழுவழுப்பாக இழுக்கும், மேலேயும் ஓடும். 90 டிகிரி வி-ட்வினில் 270, 450 என்று ஏற்றத்தாழ்வாக வெடிக்கும். பின்டயர் தரையைக் கவ்வுவது அதில் துடிப்பாகத் தெரியும், ஆனால் பெரிய கியரில் 2,500க்குக் கீழே இறங்கினால் செயின் தடதடக்கும். எம்டி-10இன் கிராஸ்பிளேன் இன்ஜின் நான்கு சிலிண்டராக இருந்தும் 270, 180, 90, 180 என்று வெடிக்கிறது, அதனால்தான் அதன் சத்தம் மற்ற நாலு சிலிண்டர் வண்டிகள் மாதிரி இல்லை. டிரையம்பின் 765 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினைத்தான் 2019 முதல் மோட்டோ2 பந்தயம் முழுவதும் ஓட்டுகிறார்கள். ஆகவே அதை யாரும் மறக்கவில்லை.

முதலில் குறுக்கிட்டவர்: அப்படியானால் டார்க் என்று சொல்லாதீர்கள், "குறைந்த ஆர்பிஎம்மில் சக்தி" என்று சொல்லுங்கள். சண்டை முடிந்தது.

பதில்: சரி, ஏற்றுக்கொள்கிறேன். அதுதான் சரியான சொல். இனி அப்படியே சொல்கிறேன். இந்தச் சண்டையில் அரை மணி நேரம் போய்விட்டது, காத்திருப்பவர்களுக்கு வருகிறேன்.

கேள்வி: பழைய 1000 சிசி நேக்கட் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஸ்டியரிங் பேரிங். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஹேண்டில்பாரை ஒரு விரலால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளுங்கள். நடுவில் லேசாக ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் தட்டினால் பேரிங் போய்விட்டது. வீலி அடித்து முன்சக்கரத்தைத் தரையில் போட்டுப் போட்டு இறக்கிய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அடுத்து, ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பி, ஃபிரேமில் அது போய் முட்டும் இடத்தைப் பாருங்கள். அந்த முட்டு நசுங்கியிருந்தாலோ புது பெயின்ட் அடித்திருந்தாலோ வண்டி விழுந்திருக்கிறது. ஃபேரிங் இல்லாததால் பக்கவாட்டு இன்ஜின் கவரில் விழுந்த தடம் மறையாது. ஒரு பக்கக் கவர் மட்டும் புதிதாக மின்னினால் ஏன் என்று கேளுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. கோடு நன்றாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னாலும், ரப்பர் பழையதாக இருந்தால் டயர் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் 2 வருடத்துக்கு மேல் மாற்றவில்லை என்றால் அதையும். ஓட்டிப் பார்க்கும்போது டயர் சூடாகும்வரை, குறைந்தது முதல் பத்து நிமிடம், சாய்க்காதீர்கள். தெரியாத டயரோடு தெரியாத வண்டியில் இருக்கிறீர்கள்.

கேள்வி: டிராஃபிக்கில் தொடை வெந்துவிடுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 100 டிகிரியை ஒட்டி ஃபேன் ஓடத் தொடங்கி அந்தச் சூட்டை உங்கள் காலுக்குத்தான் அனுப்பும். வி-ட்வின், வி4 வண்டிகளில் பின் சிலிண்டர் உங்கள் தொடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டுகாட்டியின் வி4 வண்டிகள் சில, நிற்கும்போது பின் சிலிண்டர்களை ஓய்வில் வைப்பது இதற்காகத்தான். கூலன்ட் அளவைப் பாருங்கள், ஃபேன் ஓடுகிறதா என்று காதால் கேளுங்கள். இரண்டும் சரி என்றால் தடித்த ரைடிங் பேன்ட் போடுங்கள், வேறு வழியில்லை.

கேள்வி: நேக்கட் பைக் எப்போது ஆரம்பித்தது?

பதில்: ஆரம்பத்தில் எல்லா பைக்கும் நேக்கட்தான். ஃபேரிங் பரவிய பிறகுதான் இதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. கீழே விழுந்த பந்தய மாதிரி வண்டிகளின் உடைந்த பிளாஸ்டிக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, உயரமான ஹேண்டில்பார் மாட்டி ஓட்டியவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 1993இல் வந்த டுகாட்டி மான்ஸ்டர், மிகேல் கலூசி வடிவமைத்தது. இன்ஜினும் ஃபிரேமும்தான் அழகு என்று அவர் வெளியே காட்டினார். 1994இல் டிரையம்ப் ஸ்பீட் டிரிபிள். இன்று 200 குதிரைத்திறன் தாண்டிய டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4வும், சூப்பர்சார்ஜரோடு வரும் கவாஸாகி இசட் எச்2வும் அந்த வழியில் வந்தவைதான்.

கேள்வி: சைலன்சர் மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்?

பதில்: ட்யூனிங் என் துறை இல்லை, டைனோ (குதிரைத்திறனை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கேள்வி: என் உயரம் 160 செ.மீ. சீட் 830 மி.மீ. வண்டியைத் தாழ்த்தலாமா?

பதில்: பின் சஸ்பென்ஷனை மட்டும் தாழ்த்தாதீர்கள். முன்புறம் உயர்ந்து ஸ்டியரிங் மந்தமாகும், வளைவில் அகலமாகப் போகும். சீட்டின் பஞ்சைச் செதுக்கிக் குறையுங்கள். நிற்கும்போது ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்து ஒரு காலை முழுவதும் ஊன்றினால் போதும்.

கேள்வி: எனக்கு 6 அடி உயரம், உடம்பும் பலம். முதல் வண்டியாக கேடிஎம் சூப்பர் டியூக்...

பதில்: வேண்டாம். உயரத்துக்கும் மணிக்கட்டுக்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், இனி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அண்ணா, முதலில் கேட்டவன்தான். சரி, 400 சிசி எடுக்கிறேன். பெரிய வண்டிக்குத் தயாராகிவிட்டேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ரொம்ப சந்தோஷம் தம்பி. காலியான ஒரு இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரைடிங் கியர் முழுவதும் போட்டுக்கொண்டு, டயர் சூடானதும், 60 கி.மீ. வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் பிரேக் பிடியுங்கள். முதலில் லீவரை மெதுவாக அமுக்கி, முன்பகுதி கீழே இறங்கியதும் இறுக்க வேண்டும். நல்ல சாலையில் 18 மீட்டருக்குள் நிற்க முடியும். முதல் நாளில் 25 மீட்டர் போனால் கவலை வேண்டாம். வாரம் ஒருமுறை செய்யுங்கள். பத்தில் ஒன்பது முறை 20 மீட்டருக்குள், கை பதறாமல் நிற்கும் வரைக்கும். அப்புறம் ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பி, காலைக் கீழே வைக்காமல் சின்ன எட்டு போட்டுப் பழகுங்கள், அரை க்ளட்சும் பின் பிரேக்கும் கைவரும். இரண்டும் வந்த பிறகு ஒரு மழைக்காலத்தை முழுவதும் அதே வண்டியில் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு வந்து எம்டி-10 பற்றிக் கேளுங்கள், மறுக்காமல் பேசுகிறேன். வரும்போது அந்த 400இன் டயர் பிரஷர் எவ்வளவு என்று கேட்பேன், அளந்துவிட்டு வாருங்கள்.