லவ்கிராஃப்ட் ஒட்டவில்லை என்றால் காஸ்மிக் ஹாரர் சிறுகதைகளை எங்கிருந்து தொடங்கலாம்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திகில் கதைகள் எழுதிய அமெரிக்கரான எச்.பி. லவ்கிராஃப்ட்டின் சில கதைகளைப் படித்தும் பயமே வரவில்லை, அதே வழியில் இந்தக் காலத்தில் எழுதியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே உண்டு. என்னைக் கேட்டால் ஸ்டீஃபன் கிங்கின் ‘என்.’ கதையில் தொடங்குங்கள். 2008இல் வந்த ‘ஜஸ்ட் ஆஃப்டர் சன்செட்’ தொகுப்பில் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஒரே இரவில் முடித்துவிடுவீர்கள்.

ஏன் அந்தக் கதை என்பதற்கு முன்னால், லவ்கிராஃப்ட் உங்களுக்கு ஏன் ஒட்டவில்லை என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பேய்க்கதைகளில் பேய்க்குத் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கும். பழையனூர் நீலிக்குப் பழி இருந்தது, அது தீர்ந்ததும் கதை அடங்கியது. லவ்கிராஃப்ட் காட்டும் அண்டத்துக்கு நம்மேல் பகையும் கிடையாது, பரிவும் கிடையாது. நாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. காஸ்மிக் ஹாரர் என்பது இந்த அச்சம்தான். 1928 பிப்ரவரி ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளியான ‘தி கால் ஆஃப் க்துலு’ முழுக்க இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. மிகப் பெரிய எண்ணம் அது. ஆனால் அதைக் கண்டு மிரளும் ஆள் யார்? பெரும்பாலும் ஒரு பேராசிரியரோ ஆராய்ச்சியாளரோ. அவருக்கு யார்மேல் ஆசை, யாரை நினைத்துக் கவலை, எது போனால் அழுவார் என்பதெல்லாம் கதைக்குள் வருவதே அபூர்வம். அவருடைய புத்தி பேதலித்தால் நமக்கு என்ன பதறப்போகிறது? பின்னால் வந்த நல்ல எழுத்தாளர்கள் கைவைத்தது இந்த இடத்தில்தான். முதலில் ஒரு மனிதரை நமக்கு வேண்டியவர் ஆக்கினார்கள், பிறகு அண்டத்தை அவர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

‘என்.’ கதையின் பெரும்பகுதி ஒரு மனநல மருத்துவரின் குறிப்புகள். அவரிடம் வரும் நோயாளி ஒரு கணக்காளர், குறிப்பில் அவர் பெயர் என். அவ்வளவுதான். எதையும் எண்ணாமல், தொட்டுப் பார்க்காமல், ஒழுங்காக அடுக்கி வைக்காமல் அவரால் இருக்க முடியாது. ஓசிடி என்கிறோமே, அதுதான். ஒழிந்த நேரத்தில் இயற்கைக் காட்சிகளைப் படம் எடுப்பவர். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஆக்கர்மன்ஸ் ஃபீல்ட் என்னும் வெட்டவெளியில் நட்டுவைத்தது போல் நிற்கும் கற்களை, பொழுது சாயும் நேரத்தில் படம் எடுக்கிறார். வெறும் கண்ணுக்கு ஏழு கல். கேமரா வழியாகப் பார்த்தால் எட்டு. எட்டாக இருக்கும்வரை அந்த வட்டத்துக்குள் இருப்பது உள்ளேயே இருக்கும். ஏழாகிவிட்டால் வெளியே வர வழி கிடைத்துவிடும். அன்றிலிருந்து அதை எட்டாகவே வைத்திருப்பது தன் பொறுப்பு என்று அவர் நம்புகிறார்.

எங்கள் சித்தி படுக்கப்போகும் முன் கேஸ் அடுப்பின் குமிழைத் திரும்பத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்ப்பார். வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்வோம். இந்தக் கதையைப் படித்த பிறகுதான், அந்த நேரத்தில் வீட்டிலுள்ள அத்தனை பேர் உயிரையும் தன் கையில் பிடித்துக்கொண்டு சித்தி நின்றிருப்பார் என்று எனக்கு உறைத்தது. என். வெறும் நோயாளி என்றால், எண்ணுவது அவர் படும் வேதனை. அவர் சொல்வது நிஜம் என்றால், நாம் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவது அந்த வேதனையால்தான். கிங் இரண்டில் ஒன்றைத் தூக்கிப் பிடிக்காமல் கதையை நகர்த்துகிறார். போகப்போக மருத்துவரும் எண்ணத் தொடங்கும்போது உண்மையாகவே வயிற்றைப் பிசைகிறது. அரக்கன் முழுதாகக் கண்ணில் படுவது தேவையே இல்லை.

அடுத்து எலிசபெத் பேர் எழுதிய ‘ஷாகத்ஸ் இன் ப்ளூம்’. அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதை 2009இல் வாங்கிய கதை. இதற்கு ஒரு சிறு முன்கதை தேவை. லவ்கிராஃப்ட்டின் ‘அட் தி மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ குறுநாவலில் ஷாகத் என்பது உருவமற்ற கூழ் போன்ற ஓர் உயிர். பழைய இனம் ஒன்று தன் வேலைகளுக்காக உண்டாக்கிய அடிமை. அந்த அடிமைகள் பிற்பாடு எஜமானர்களுக்கு எதிராகக் கிளம்புகின்றன. கதைசொல்லி யாருக்காக இரங்குகிறார் என்று கவனியுங்கள். எஜமானர்களுக்காக! ‘அவர்களும் மனிதர்களே’ என்கிற அளவுக்கு உருகுகிறார். அடிமைகள் அவருக்கு அருவருப்பு மட்டும்தான்.

எலிசபெத் பேர் அதே ஷாகத்தை எடுத்து 1938 நவம்பரில், மேய்ன் கடற்கரைப் பாறைகளில் வெயில் காய வைக்கிறார். அவற்றை ஆராய வருபவர் பால் ஹார்டிங் என்ற கறுப்பினப் பேராசிரியர், முதல் உலகப்போரில் சண்டை போட்டவர். யூதர்களின் கடைகளும் ஜெபக்கூடங்களும் நொறுக்கப்பட்ட செய்தி ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருக்கும் வாரங்கள் அவை. இந்த உயிர்கள் உத்தரவுக்குப் பணியவே படைக்கப்பட்டவை என்பது ஹார்டிங்குக்குத் தெரியவருகிறது. உத்தரவு போட்டால் ஹிட்லரையே எதிர்க்க ஒரு படை கிடைக்கும். ஆனால் உத்தரவு போடப்போவது யார்? அடிமைகளின் வம்சத்தில் வந்தவர். அவர் எடுக்கும் முடிவை நான் சொல்லமாட்டேன், நீங்களே படியுங்கள். லவ்கிராஃப்ட்டின் உலகத்தை மாற்றாமல், அதில் யாருடைய நெஞ்சுக்குள் நின்று பார்க்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் எவ்வளவு கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

விக்டர் லவாலின் ‘தி பாலட் ஆஃப் பிளாக் டாம்’ (2016) இதே வேலையை இன்னும் கோபமாகச் செய்கிறது. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் குடியிருந்தபோது லவ்கிராஃப்ட் எழுதிய ‘தி ஹாரர் அட் ரெட் ஹுக்’ கதை, அங்கே பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள்மேல் அவருக்கிருந்த வெறுப்பை அப்பட்டமாகக் கொட்டுவது. லவால் அதே சம்பவங்களை அதே நகரின் ஹார்லெமைச் சேர்ந்த ஒரு கறுப்பின இளைஞனின் பக்கமிருந்து சொல்கிறார். புத்தகத்தை லவ்கிராஃப்ட்டுக்கே, ‘முரண்பட்ட உணர்வுகள் அனைத்தோடும்’ என்று காணிக்கையாக்கியிருக்கிறார். அந்த உணர்வு எனக்கும் உண்டு. உலக ஃபேன்டசி விருதாக 2015 வரை லவ்கிராஃப்ட்டின் தலைச் சிலையைத்தான் கொடுத்துவந்தார்கள். அதை நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன், அவர் கதைகளைத் தொடர்ந்து படித்துக்கொண்டும் இருக்கிறேன்.

படக்கதை பிடிக்குமென்றால் ஜுன்ஜி இட்டோவின் ‘தி எனிக்மா ஆஃப் அமிகரா ஃபால்ட்’. அவருடைய ‘க்யோ’ என்ற நீண்ட படக்கதையின் பின்னிணைப்பாக வந்த குட்டிக் கதை. நிலநடுக்கத்தில் ஒரு மலை பிளக்கிறது. பிளந்த பாறையில் ஆள் உருவத்திலேயே துளைகள். டிவியில் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, அது என்னுடைய துளை என்று அடையாளம் கண்டு உள்ளே நுழைகிறார்கள். யார் குடைந்தார்கள், எதற்காக? பதில் கிடையாது. இட்டோவின் ஆட்களைத் துரத்த எதுவுமே வருவதில்லை, அவர்களாகவே போகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

இதுவரை நான் சொன்னதற்கெல்லாம் நேர் எதிர் தாமஸ் லிகோட்டி. அவருடைய ‘தி ரெட் டவர்’ கதையில் பாத்திரம் என்று சொல்ல ஆளே இல்லை. சாம்பல் நிறப் பாழ்வெளியில் இடிந்து நிற்கும் ஒரு தொழிற்சாலை, அது செய்து தள்ளிய விபரீதப் பொருள்கள், அதைப் பற்றிப் பிறர் பேசக் கேட்டதாகச் சொல்லும் ஒரு குரல், அவ்வளவே. மனிதரை முன்னால் வைக்காமலும் நடுங்கவைக்க முடியும் என்று காட்டியவர் அவர் ஒருவர்தான் என்பேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அவ்வளவு கட்டுப்பாடு. ஆனால் தொடக்கத்திலேயே கையிலெடுத்தால் மூச்சு முட்டும், கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லவாலுக்கு முன்னால் மட்டும் ‘ரெட் ஹுக்’கைப் படித்துவிடுங்கள், எரிச்சலாக இருந்தாலும். மற்றவற்றுக்கு லவ்கிராஃப்ட் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.