மேப்பைச் சுற்றும்போதே நீக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மருந்துக்கடைக்காக ஜாவாவில் இருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மருந்தின் பெயர் கீ, கையிருப்பு வேல்யூ, இப்படி ஜோடி ஜோடியாகச் சேமிக்கும் ஹேஷ்மேப்பில் வைத்திருக்கிறேன். கீகளின் தொகுப்பான கீசெட்டில் லூப் ஓட்டி, ஒவ்வொரு கீக்கும் கெட் போட்டு, இருப்பு பூஜ்யம் என்றால் மேப்பிலிருந்து ரிமூவ் செய்கிறேன். பத்து மருந்துகளை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது. கடையில் போட்டதும் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் (ஒரே நேரத்தில் மாற்றம் நடந்ததாகச் சொல்லும் பிழை) வருகிறது. ஓடுவது ஒரே திரெட்தான் (ஒரே செயல் இழை), அப்புறம் ஏன்? என்ட்ரிசெட்டுக்கு மாறச் சொல்கிறார் சீனியர். சரியாகிவிடுமா? பெயர்கள் அகர வரிசையிலும் வர வேண்டும்.

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

என்ட்ரிசெட் நல்ல யோசனை. கீயும் வேல்யூவும் சேர்ந்தே கைக்கு வரும், ஒவ்வொரு முறையும் கெட் போட்டுத் தேட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மாறினாலும் இந்த எக்ஸெப்ஷன் போகாது.

ஹேஷ்மேப் தனக்குள் ஒரு எண் வைத்திருக்கிறது. புதிய கீ சேர்ந்தாலும், இருப்பது நீங்கினாலும் அது கூடும். லூப் தொடங்கும்போது, பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அடுத்த பதிவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நடுவில் நீங்கள் நேராக மேப்பிலேயே நீக்கினால் எண் ஒத்துவராது, எக்ஸெப்ஷன் எழும். இதற்கு இரண்டாவது திரெட் தேவையே இல்லை.

சோதனையில் ஏன் வரவில்லை? ‘இன்னும் பதிவு இருக்கிறதா’ என்று கேட்கும் இடத்தில் இந்த ஒப்பீடு நடப்பதில்லை. கடைசிப் பதிவில் நிற்கும்போது நீக்கினால், அடுத்து எடுக்க எதுவும் இல்லை. லூப் சத்தமில்லாமல் முடிந்துவிடும். உங்கள் பத்து மருந்துகளில் இருப்பு தீர்ந்தது ஒன்றே ஒன்றாக இருந்து, அது லூப்பில் கடைசியாக வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தீர்ந்த மருந்தே இருந்திருக்காது. அதே பெயர்களை அதே வரிசையில் சேர்த்தால் லூப்பும் அதே வரிசையில்தான் ஓடும் என்பதால், சோதனை தினமும் தேறிக்கொண்டே இருந்திருக்கும். ஹேஷ்மேப் 16 இடங்களோடு தொடங்கி, முக்கால் பங்குக்கு மேல் போனதும், அதாவது 13-வது பதிவு சேரும்போது, 32 இடங்களாக விரிகிறது. அப்போது சுற்றும் வரிசையும் மாறலாம். பத்தில் தேறியதை வைத்து நூறுக்கு உறுதி சொல்ல முடியாது.

எக்ஸெப்ஷன் வந்தது உங்களுக்கு நல்லதுதான். உருப்படிகளை வரிசையாக வைக்கும் அர்ரேலிஸ்ட்டில் இதே தவறைச் செய்து, கடைசிக்கு முந்தையதை நீக்கினால், கடைசி உருப்படியைப் பார்க்காமலேயே லூப் முடிந்துவிடும். பிழைச் செய்தி கிடையாது. அந்த மாதிரிப் பிழை மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கும்.

சரி, திருத்துவது எப்படி? கீசெட், வேல்யூஸ், என்ட்ரிசெட் மூன்றும் மேப்பின் நகல்கள் அல்ல. அதே மேப்பை மூன்று பக்கத்திலிருந்து காட்டுபவை. வேல்யூஸில் ஒன்றை நீக்கினால் மேப்பிலேயே அந்தப் பதிவு போய்விடும். ஜாவா கற்பவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. உங்கள் வேலைக்கு வேல்யூஸ் மேல் ரிமூவ்இஃப் போட்டு, ‘பூஜ்யமாக இருந்தால்’ என்ற நிபந்தனையைக் கொடுங்கள். ஒரே வரி. 2014-இல் வந்த ஜாவா 8 முதல் இருக்கிறது. நீக்கும்போதே வேறு வேலையும் செய்ய வேண்டுமென்றால் இட்டரேட்டரைக் கையில் எடுத்து, அதன் ரிமூவையே கூப்பிடுங்கள். இருப்பை மாற்ற மட்டும் என்றால் என்ட்ரியின் செட்வேல்யூ போதும், எண் மாறாது. புதிய மருந்து சேர்ப்பதை மட்டும் லூப்புக்குள் வைக்காதீர்கள். தனி மேப்பில் சேர்த்து, முடிந்தபின் புட்ஆல் மூலம் மொத்தமாகப் பழைய மேப்பில் சேருங்கள்.

வரிசைக்கு வருகிறேன். ஹேஷ்மேப் எந்த வரிசைக்கும் பொறுப்பேற்பதில்லை. சேர்த்த வரிசை போதுமென்றால் லிங்க்டுஹேஷ்மேப். அகர வரிசைக்கு ட்ரீமேப் என்று எல்லோரும் சொல்வார்கள். பெயர்கள் தமிழில் இருந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். அது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோட் எண்களின்படி அடுக்குகிறது. அங்கே ‘ன’ எழுத்து ‘ப’வுக்கு முன்னால் இருப்பதால் ‘கனி’ முதலில் வரும், ‘கப்பல்’ பிறகு வரும். அகராதியில் தலைகீழ். இரண்டு பெயர்களில் எது முதலில் என்று சொல்லும், தமிழ் வரிசை தெரிந்த ஒரு கம்பேரேட்டரை எழுதி, ட்ரீமேப்பை உருவாக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.