சோறு இறங்காததற்குக் காரணம் பால் டம்ளர்

கேள்வி: என் மகளுக்கு 2 வயது முடிந்தது. எடை 9.6 கிலோதான், ஒரு வயதில் 7.4 கிலோ இருந்தாள். செல்போன் காட்டி, பின்னாலேயே ஓடி ஊட்டினால் ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் ஆகிறது. சாப்பிடாத வேளைக்குப் பால் கொடுத்துவிடுகிறேன், நாளுக்கு 4 டம்ளர். எடை கூட என்ன கொடுக்கலாம்?

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 2 வயதுப் பெண் குழந்தையின் நடுமட்ட எடை 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் எடைக்குறைவு என்பார்கள். உங்கள் மகள் ஒரு வயதிலும் இதே இடத்தில்தான் இருந்தாள்; ஓராண்டில் 2.2 கிலோ ஏறியிருக்கிறாள். மெலிந்த உடல்வாகு, அவ்வளவுதான். உயரத்தையும் அளந்து குறித்துவையுங்கள்.

கவனிக்க வேண்டியது பால். டம்ளர் 200 மி.லி. என்றால் நாளுக்கு 800 மி.லி.; கொழுப்பு எடுக்காத பாலில் அது சுமார் 500 கலோரி. இந்த வயதில் நாள் முழுக்கத் தேவைப்படுவதே 1,000 கலோரியை ஒட்டித்தான். பிறகு சோறு எப்படி இறங்கும்? பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. அது குறைந்தால் பசி மந்தமாகும். ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாலை ஒரு வாரத்தில் படிப்படியாக 2 டம்ளருக்குக் கொண்டுவாருங்கள், அதையும் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். தட்டைத் தள்ளினால் டம்ளர் வரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

3 வேளைச் சாப்பாடு, 2 முறை சிற்றுணவு, நடுவில் இரண்டரை மூன்று மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். தட்டில் ஒவ்வொன்றிலும் 2 மேசைக்கரண்டி போதும். கேட்டால் மறுபடி வையுங்கள். அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டலாம்: ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் சுமார் 40 கலோரி. நீர்த்த கஞ்சி வயிற்றைத்தான் அடைக்கும். முட்டை, மசித்த பருப்பு, கெட்டித் தயிர், பொடித்த கொட்டைகள் நல்லவை (முழுக் கொட்டை 5 வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும்).

உட்காரவைத்து, 20 முதல் 30 நிமிடம். உதட்டை இறுக்குவதும், முகத்தைத் திருப்புவதும், கரண்டியைத் தட்டிவிடுவதும் ‘போதும்’ என்பதுதான், அங்கேயே நிறுத்துங்கள். செல்போனைப் பார்க்கும்போது வாய் தானாகத் திறக்கும், வயிறு நிறைந்தது அவளுக்கே தெரியாது. செல்போனை நிறுத்திய முதல் சில நாள் குறைவாகவே சாப்பிடுவாள். பயந்து பாலை நீட்டிவிடாதீர்கள்.

எடை குறைந்தாலோ, 3 மாதமாக ஏறவே இல்லை என்றாலோ, அடிக்கடி வாந்தி, நீடித்த வயிற்றுப்போக்கு, விழுங்கும்போது திணறல் இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி மாதம் ஒருமுறை, ஒரே தராசில் நிறுத்தால் போதும். இந்த வயதில் மாதத்துக்கு ஏறுவதே 200 கிராம் அளவுதான்; அப்போதுதான் குடித்த ஒரு டம்ளர் தண்ணீரே தராசில் அவ்வளவு காட்டிவிடும்.