பழைய படகு மோட்டாரை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாமா?

கேள்வி: பழவேற்காட்டில் நெடுங்காலம் மீன் வியாபாரம் செய்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பிவிட்ட என் தந்தையார், அங்கு வாங்கிய 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது)ப் பல ஆண்டுகளாகக் கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறார். இருவருமாக அதைச் சீர்செய்யத் தொடங்கியுள்ளோம். எங்கள் கவுண்டன்ய ஆற்றில் மணல்தான் கிடக்கிறது. தண்ணீர் இல்லாமலே இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாமா? லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் வேண்டும் என்கிறார் தந்தையார். 20 மில்லி போதும் என்கிறார் கடைக்காரர். எது சரி? (வாசகர், குடியாத்தம்)

பதில்: தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது. இந்த மோட்டார் தன்னைக் குளிர்விக்கும் நீரை அடிப்பகுதியிலுள்ள இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரத்தால் தானே உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ரப்பருக்கு வழுவழுப்பைத் தருவதும் அதே நீர்தான் என்பதால், வறண்ட நிலையில் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அது தேய்ந்து கருகிவிடக்கூடும். நெடுநாள் கிடந்த இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப் போயிருக்கும். ஆகவே மற்ற எதற்கும் முன்னால் அடிப்பகுதியைக் கழற்றிப் புதிய இம்பெல்லரைப் பொருத்துங்கள். உப்புநீரில் ஓடிய மோட்டார் என்பதால், நீர் செல்லும் வழிகளில் உறைந்திருக்கும் உப்பையும் அப்போதே கழுவி நீக்கிவிடலாம். கியர் ஆயிலையும் வடித்துப் பாருங்கள்; பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் பழுதாகித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறிதளவு ஆயிலை விட்டு ஓர் இரவு ஊறவிட்டபின், மேலேயுள்ள கனத்த சக்கரமான ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். ஓடும் திசையில் மட்டுமே சுழற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் இம்பெல்லரின் இதழ்கள் மடங்கிவிடும். பிஸ்டன் இறுகியிருந்தால் கயிற்றை வலிந்து இழுக்காமல், மீண்டும் ஊறவிடுவதே நல்லது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கும். முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால், எரிபொருள் குழாய்களையும் எரிபொருள் பம்பிலுள்ள டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வையும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் விஷயத்தில் தந்தையார் சொல்வதையே நான் ஏற்பேன். 20 மில்லி என்பது 50:1 கலவை, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். பிற்கால மோட்டார்கள் பலவற்றுக்கு அது பொருந்தும். பழைய மோட்டார்கள் பலவற்றுக்கு 25:1, அதாவது 40 மில்லி தேவைப்படும். ஆயில் கூடினால் புகையும், பிளக்கில் கரி படியும்; குறைந்தாலோ பிஸ்டனே இறுகிப்போகும். மோட்டாரின் கையேடு கிடைத்தால் அதன்படியே செய்யுங்கள். கிடைக்காவிட்டால் அதை ஓட்டிப் பழகிய அவருடைய அளவே நம்பத்தக்கது. ஆயில் மட்டும் பைக்குக்குரியதாக இல்லாமல், நீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 வகையாக இருக்கட்டும்.

சோதனைக்கு 200 லிட்டர் பேரல் ஒன்று போதும். அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டாதீர்கள். அதிர்வில் தகரம் வளைந்துவிடும் என்பதால், தரையில் ஊன்றிய கனத்த மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்துக்கு மேலுள்ள தட்டையான தகடு மூழ்கும்வரை நீர் நிரப்பி, நியூட்ரலில் வைத்து, திறந்த வெளியில் மட்டுமே ஓட்டுங்கள்; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மூடிய கொட்டகைக்குள் உயிரைப் பறிக்கும். நீர் வெளியேறிக் காட்டும் சிறுதுளை உங்கள் மோட்டாரில் இருந்தால், கிளம்பிய சில நொடிகளில் அதிலிருந்து நீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். பேரல் நீர் விரைவில் சூடாகும் என்பதால் ஹோஸ் வழியே புதுநீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இதில் மெதுவோட்டத்தை மட்டுமே சோதிக்க முடியும்; முழு வேகத்தைப் படகில் பொருத்தி, உரிய அனுமதி பெற்ற நீர்நிலையில்தான் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது எரிபொருள் குழாயை மூடி, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து மோட்டார் தானாக அடங்கும்வரை விட்டுவிட்டு, பிறகு நிமிர்த்தியபடியே வைத்து நீரை வடியவிடுங்கள்.