எப்போதாவது ஓட்டுவதற்குப் பழைய ஜெட் ஸ்கி வாங்கலாமா?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறோம். கோடையில் சில வார இறுதிகளில் மட்டும் சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டு பழைய ஜெட் ஸ்கி (தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் மாதிரியான வண்டி) வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்த வண்டிகள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். பெட்ரோல் பிசினாகிறது, பேட்டரி செத்துப்போகிறது, வடிக்காமல் விட்ட தண்ணீர் ஜனவரிக் குளிரில் உறைந்து எஞ்சின் பிளாக்கைப் பிளந்துவிடுகிறது. "இத்தனை வருடத்தில் அறுபது மணி நேரம்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இருநூறு மணி நேரம் ஓடி, ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் பராமரிப்பு செய்த ரசீதுகளோடு வரும் வண்டியையே எடுப்பேன். நீங்களும் வருடத்தில் பெரும்பகுதி அதை நிறுத்தித்தான் வைக்கப்போகிறீர்கள். சும்மா கிடப்பதைத் தாங்கும் வண்டி எது என்று பார்த்து வாங்குங்கள்.

2002ஆம் ஆண்டை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். யமஹாவின் எஃப்எக்ஸ் 140, சீ-டூ என்ற இன்னொரு பிராண்டின் ஃபோர்-டெக் எஞ்சின் வைத்த ஜிடிஎக்ஸ் ஆகிய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தது அப்போதுதான். அதற்கு முந்தையவை பெரும்பாலும் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக். விலை ஆசை காட்டும். ஆனால் 1990களின் சீ-டூ ஒன்றின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். பழைய சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள் இன்னும் மாற்றப்படாமல் இருக்கலாம். ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்சுவரில் பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு களிம்பு ஒட்டியிருக்கும். அது கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு வடிகட்டியை அடைத்துவிட்டால் சிலிண்டருக்குப் போதிய பெட்ரோல் போகாமல் பிஸ்டன் உருகும். கையில் ஸ்பானர் பிடித்துப் பழகியவர்களுக்கு அந்த வண்டிகள் சரி. உங்களுக்கு வேண்டாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் சூப்பர்சார்ஜர் (கூடுதல் சக்திக்காகக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வைத்ததைத் தவிர்த்துவிடுங்கள். சீ-டூவின் 185, 215 குதிரைத்திறன் வண்டிகளில் ஆரம்ப கால சூப்பர்சார்ஜரின் உள்ளே பீங்கான் வாஷர்கள் இருந்தன. அவை உடைந்தால் துண்டுகள் எஞ்சினுக்குள் போய்விடும். அதைக் குறித்த காலத்தில் பிரித்துச் சரிசெய்வதே தனிச் செலவு. 2005இல் வந்த யமஹா விஎக்ஸ் 110, அல்லது சூப்பர்சார்ஜர் இல்லாத சீ-டூ 130, 155 போதும். குடும்பத்தோடு ஏரியைச் சுற்றிவர 110 குதிரைத்திறனே தாராளம்.

பார்க்கப் போகும்போது முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அத்தோடு விடைபெற்றுவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்தான் வாங்குவீர்கள் என்றால் கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளப்பது) செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பின்னால் டார்ச் அடித்து, தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் விளிம்புகளைப் பாருங்கள். கல் பட்டு நெளிந்திருக்கலாம். சீ-டூவில் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் தேய்ந்திருந்தால் பயம் வேண்டாம், தேய்வதற்கென்றே வைத்தது அது.

தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். தோட்டக் குழாயை மாட்டிக் கிளப்பிக் காட்டுவது போதாது. முழு வேகத்தில் பாரம் ஏறும்போதுதான் உண்மை தெரியும். வீட்டில் குழாய்த் தண்ணீர் விட்டு அலசும்போது ஒரு ஒழுங்கு உண்டு: கிளப்பும்போது முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர், நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் தண்ணீர் சைலன்சர் வழியாக எஞ்சினுக்குள் ஏறிவிடலாம். விற்பவர் இதை எப்படிச் செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

வண்டியின் பின்புறத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளத் தொடர் இருக்கும்; அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டைச் சொல்லும். காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ட்ரெய்லரின் காகிதம் தனி; அதன் சக்கர பேரிங்கையும் விளக்குகளையும் சோதித்துவிடுங்கள். கனடாவில் ஓட்டுபவருக்குப் படகு இயக்குநர் அட்டை வேண்டும், 16 வயது நிரம்பாதவர்கள் ஓட்டவே கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய வண்டிகளில் பிரேக் கிடையாது. சீ-டூவில் அது வந்ததே 2009 மாடலில்தான். பின்னால் பீச்சியடிக்கும் தண்ணீர்தான் வண்டியைத் திருப்புகிறது. எதிரே படகைக் கண்டு பதறி ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் அந்தப் பீச்சல் அடங்கிவிடும், கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி ஏறக்குறைய நேராகவே போகும். பயந்தவர்களின் கை தானாகவே விட்டுவிடும் என்பதுதான் ஆபத்து. ஆளில்லாத இடத்தில், ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்திக்கொண்டே திருப்பித் தப்பிப்பதை நன்றாகப் பழகுங்கள். அதன் பிறகு பிள்ளைகளைப் பின்னால் ஏற்றுங்கள்.