வாத்தியார் பதில்கள்: மாமாவின் மைக்ரோமீட்டர்

கேள்வி: ஐயா, என் மாமனார் செம்பவாங் கப்பல் பட்டறையில் டர்னராக, அதாவது கடைசல் இயந்திரத்தில் உலோகம் கடைபவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை காலமான பிறகு ஈசூன் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு நான்கறை வீட்டில் இருக்கிறார். வரும்போது ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பழைய மைக்ரோமீட்டர், மிக நுண்ணிய கனத்தை அளக்கும் கருவி, அங்குல அளவு. ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து அதைத் துடைத்து எண்ணெய் போடுகிறார். மேசை விரிப்பெல்லாம் கறை. போன மாதம் தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன் அதை எடுத்துத் திருகிவிட்டான் என்று சத்தம் போட்டதில் பிள்ளை அழுதுவிட்டான். சாமான் அறையாக வைத்திருக்கும் பாம் ஷெல்டரில் இனி ஒரு சாமான் வைக்க இடமில்லை. "அருங்காட்சியகம் எதற்காவது கொடுத்துவிடலாமே மாமா" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கணவர் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?
- மருமகள், செங்காங்

பதில்: அம்மா, இடப் பிரச்சினையை முதலில் முடித்துவிடுவோம். ஓரங்குல மைக்ரோமீட்டரின் பெட்டி மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உங்கள் பாம் ஷெல்டரை அடைத்துக்கொண்டிருப்பது அது இல்லை. உடைந்த மின்விசிறியும் போன வீட்டுத் திரைச்சீலைகளும் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அருங்காட்சியகமும் வேண்டாம். அந்தக் கருவி அபூர்வமானதே அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜப்பானிலும் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும் வரை பழைய கருவிகள் அங்கே தரையில் விரித்த துணியில் கிடந்தன, வாங்க ஆளில்லாமல். உங்கள் மாமனாருக்கு இது தெரியும். "காட்சிக்கு வைக்கலாம்" என்று நீங்கள் சொன்னது அவர் காதில் "பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போடலாம்" என்றுதான் விழுந்திருக்கும்.

நான் பள்ளிப் பட்டறையில் உலோக வேலை நடத்தியவன். என்னிடம் அரம் பிடிக்கப் பழகிய பையன்கள் சிலர் கப்பல் பட்டறைகளுக்குப் போனார்கள். அதனால் இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

பெரிய பட்டறைகளில் அளவுக் கருவிகள் ஸ்டோரில் இருக்கும். உங்கள் எண் பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுத்தால் கருவி கிடைக்கும். டோக்கன் அந்தக் கருவியின் இடத்தில் ஆணியில் தொங்கும். மாலையில் கருவியைக் கொடுத்து டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் உங்களுக்கு முன்னால் அந்த மைக்ரோமீட்டரை வாங்கிப் போனவர் அதைக் கீழே போட்டிருந்தால்? பார்வைக்கு ஒன்றும் தெரியாது. முழுவதும் மூடினால் பூஜ்யத்தில் நிற்க வேண்டிய கோடு ஒரு கோடு தள்ளி நிற்கும். ஒரு கோடு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறையில் 'தௌ' என்போம். தலைமுடி இரண்டு மூன்று தௌ கனம் இருக்கும். அந்த ஒரு கோட்டை நம்பி ஒரு பின்னை, அதாவது சின்னத் தண்டை, கடைந்தால் அது நுழைய வேண்டிய புஷ் என்ற வளையத்துக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் லொடலொடக்கும். கப்பல் டாக்கில் காத்துக்கொண்டிருக்கும். ஃபோர்மன் கருவியைத் திட்டமாட்டார், கடைந்தவனைத்தான் திட்டுவார்.

அதனால்தான் தன் வேலையில் அக்கறை உள்ள டர்னர் சொந்தக் காசில் ஒரு மைக்ரோமீட்டர் வாங்குவார். இளம் தொழிலாளியின் சம்பளத்துக்கு அது சின்னத் தொகையாக இருந்திருக்காது. 1970களில் சிங்கப்பூர் மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனாலும் பிரிட்டனில் கட்டிய பழைய கப்பல்கள் பழுதுபார்க்க வந்தால் அவற்றின் திருகுகளும் தண்டுகளும் அங்குலத்தில்தானே இருக்கும்? செம்பவாங் பட்டறையே 1968 வரை பிரிட்டிஷ் கடற்படையின் பட்டறையாக இருந்த இடம். அங்குலக் கருவியை அவர் விடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆக, வேறு ஒருவர் கை படக் கூடாது என்பதற்காகவே வாங்கிய பொருள் அது. இப்போது உங்கள் மகன் திருகியதும் ஏன் பாய்ந்தார் என்று புரிகிறதா? கருவியின் வால் நுனியில் ராட்செட் என்ற சின்னக் குமிழ் இருக்கும். அதைப் பிடித்துத் திருப்பினால் போதுமான அழுத்தம் வந்ததும் 'டிக் டிக்' என்று வழுக்கும். பிள்ளைகள் அதை விட்டுவிட்டுப் பெரிய உருளையைப் பிடித்து நெரிப்பார்கள். உள்ளே மரை கெடும். என்றாலும் பத்து வயதுப் பையனை அழ வைத்தது சரியில்லை. அதை அவரிடம் உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். வாயே திறக்காதவருக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரியும் இருக்கும்.

எண்ணெய் போடுவதைப் பூசை என்று நினைத்துச் சிரிக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் ரேகை பட்ட இடத்தில் எஃகு துருப்பிடிக்கும். மூடி வைக்கும்போது அளக்கும் இரண்டு முகங்களையும் முட்ட விடாமல் சற்று இடைவெளி விட்டு வைக்கிறாரா என்று கவனியுங்கள். வைத்தால் அவர் கைவேலை இன்னும் மறக்கவில்லை. மேசை விரிப்புக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு போதும்.

மகனிடம் கணக்குப் புத்தகத்தின் ஒரு தாளைக் கிழிக்காமல் நீட்டச் சொல்லி, "தாத்தா, இது எத்தனை தௌ?" என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு அவன் தலைமுடி. கருவி அவர் கையிலேயே இருக்கட்டும்; எப்போது கொடுப்பது என்பது அவர் பாடு. கொடுக்காமலே போனாலும் போகட்டும்.

கேள்வி: நான் தாதி. அடுத்த ஆண்டு ஓய்வு. சீருடையில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் என் கடிகாரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட மகள் ஆசைப்படுகிறாள். செய்யலாமா?
- வாசகி, தோ பாயோ

பதில்: செய்யலாம், பேட்டரியைக் கழற்றிவிட்டு. உள்ளேயே விட்டால் கசிந்து இயந்திரத்தை அரித்துவிடும். ஆனால் செகண்ட் முள் ஓடாத கடிகாரத்தில் நாடி பார்க்க முடியாதே! நானாக இருந்தால் கைப்பையில் வைத்துக்கொள்வேன்.

கேள்வி: முதல் சம்பளத்தில் வாங்கிய சீக்கோ 5 நின்றுவிட்டது. சரிசெய்யக் கேட்கும் காசுக்கு அதே மாதிரி பழையது ஒன்றை வாங்கிவிடலாம். எது புத்திசாலித்தனம்?
- வாசகர், பூன் லே

பதில்: பழையது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நீங்கள் கேட்க விரும்பியது அது இல்லை என்று தெரிகிறது, ஆகவே சரிசெய்யுங்கள். கொடுப்பதற்கு முன் டயலை மாற்றக் கூடாது, உறையைப் பாலிஷ் போடக் கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களையும் திருப்பிக் கேளுங்கள். அது பேட்டரி இல்லாத கடிகாரம், கையசைவில் ஓடுவது. சரியான பிறகு அலமாரியில் வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். கட்டிக்கொள்ளுங்கள். குளிக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். அந்த வயதில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை நம்ப முடியாது.